இல்லத்தோட்டச் சங்கத்தின் ஆண்டறிக்கை: சதைப்பற்றுச் செடிகளுக்கென ஒதுக்கிய ஓராண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, தாப்பா வட்டாரத்தின் தாமான் குடியிருப்புகளிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர்கள் பலரும் ஒரே குறையைச் சொன்னார்கள். கேமரன் மலைக்குப் போய்த் திரும்பும்போது ஆசையோடு வாங்கிவரும் சதைப்பற்றுச் செடிகள், அதாவது தடித்த இலையிலோ தண்டிலோ நீரைச் சேர்த்து வைக்கும் செடிகள், வீட்டுக்கு வந்த இரண்டு மூன்று மாதங்களில் அடியழுகிச் சாய்ந்துவிடுகின்றன என்பதே அது. நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றியும் இப்படி ஆகிறதே என்று சிலர் வருந்தினார்கள். அந்த வருத்தத்திலேயே விடையும் இருந்ததால், இவ்வாண்டின் மாதக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்குவதெனச் செயலவை முடிவு செய்தது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைக்க இருப்பதால், நான் அதைத் தொடாமல் ஆண்டு முழுவதும் நாம் கற்றதையும் செய்ததையும் மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

சதைப்பற்றுச் செடி நமக்குப் புதியதன்று. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் வாழ்ந்தவர்கள் நிலைவாசலில் சோற்றுக்கற்றாழையைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருந்ததை நினைத்துப் பாருங்கள். மண்ணும் இல்லாமல், ஊற்றுவாரும் இல்லாமல் அது மாதக்கணக்கில் உயிரோடு இருந்தது. சில வீடுகளில் தொங்கிய நிலையிலேயே குருத்தும் விட்டது. இலைக்குள் சேர்த்து வைத்த நீரைக் கொண்டு வாழத் தெரிந்த செடி அது. அதே குடும்பப் பாங்குள்ள செடியைத் தொட்டியில் வைத்து நாம் தினமும் நனைத்தால், அதன் வேருக்கு மூச்சுவிட இடமில்லாமல் போகிறது என்பதைத்தான் இவ்வாண்டின் முதல் கூட்டத்தில் பேசினோம்.

மலையில் செழிக்கும் செடி இங்கே ஏன் வாடுகிறது என்ற கேள்விக்கு இரண்டாம் கூட்டத்தில் விளக்கம் தேடினோம். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை ஏற்கின்றன. சதைப்பற்றுச் செடிகளில் பெரும்பகுதி, பகல் வெப்பத்தில் நீர் ஆவியாகிவிடக் கூடாது என்பதற்காகத் துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து வாயுவை வாங்கி அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெயிலில் அதைக்கொண்டு உணவு தயாரிக்கின்றன. இந்த ஏற்பாடு நன்றாக நடக்க இரவு குளிர வேண்டும். ரோஜாப்பூ அடுக்குபோல் இலை விரிக்கும் எச்சிவேரியா இனங்களில் பெரும்பாலானவை மெக்சிகோவின் மேட்டு நிலங்களைச் சேர்ந்தவை. பகல் எவ்வளவு காய்ந்தாலும் அங்கே இரவு நன்கு குளிர்ந்துவிடும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,450 மீட்டர் உயரத்தில் இருக்கும் கேமரன் மலை நகரமான தானா ராத்தாவின் இரவு அச்செடிக்கு ஏறக்குறைய பிறந்த ஊரைப் போன்றது. ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் 6 டிகிரி செல்சியஸ் என்ற கணக்கில் வெப்பம் மாறுவதால், மலையடிவாரத்தில் இருக்கும் நமக்கு அந்தக் குளிர் கிடைப்பதில்லை. புழுக்கமான இரவு, காற்றில் எந்நேரமும் ஈரம், பிற்பகலானால் இடிமழை, இவை மூன்றும் சேரும்போது செடி தளர்கிறது. அழுகல் பூஞ்சணம் பெருகுகிறது. வளர்த்தவர் கைராசியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

மூன்றாம் கூட்டம் என் நினைவில் நிற்கும். இறந்துகொண்டிருந்த செடிகளைத் தொட்டியோடு கொண்டுவருமாறு உறுப்பினர்களைக் கேட்டிருந்தோம். செய்தித்தாளை விரித்து ஒவ்வொரு தொட்டியாகக் கவிழ்த்தோம். முதலில் கவிழ்த்த எச்சிவேரியாவின் மேல்மண் பொடியாக உதிர்ந்தது. தொட்டால் காய்ந்தே இருந்தது. ஆனால் நடுவில், நாற்றங்காலில் வேர்விட வைத்த கோழிமுட்டை அளவுள்ள நார்க்கட்டி அப்படியே இருந்தது. அதை விரலால் அழுத்தியதும் கருநீர் கசிந்தது. வேர்கள் வடிகட்டிய தேயிலைத் தூளைப்போல் பழுப்பேறிக் கையோடு வந்தன. அடியிலைகள் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிந்தன. மேலே காய்ந்திருக்கிறதே என்று அதன் உரிமையாளர் மீண்டும் மீண்டும் ஊற்றியிருக்கிறார்.

அந்தச் செடியைக் காப்பாற்றிக் காட்டியவர், பல்லாண்டுகள் ரப்பர் மரத்தில் பால்வெட்டுத் தொழில் செய்து ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர் அம்மா ஒருவர். மரத்தைப் புண்படுத்தாமல் பட்டையைச் சீவிப் பழகிய கை அது. மெல்லிய கத்தியை மருந்தகத்தில் வாங்கிய 70 விழுக்காட்டு ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, தண்டைக் கீழிருந்து வட்டம் வட்டமாக நறுக்கினார். முதல் வட்டம் முழுவதும் கருப்பு. இரண்டாவதில் நடுவே ஒரு பழுப்புப் புள்ளி. மூன்றாவதில் அந்தப் புள்ளி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியது. நான்காவது வெட்டு தூய வெளிர்பச்சையாக வந்த பிறகே நிறுத்தினார். ஊசிமுனை அளவு பழுப்பு எஞ்சினாலும் அழுகல் மேலேறிவிடும் என்பதால் ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை மறுபடி துடைத்தார். எஞ்சிய தலையை நிழலில் ஒரு வாரம் மண்ணில்லாமல் வைத்து, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பின் நடும்படி சொன்னார். அது வேர்விட்டு, இன்று மேசையில் வைக்கப்பட்டிருக்கிறது.

மண் கலவை பற்றிய பயிற்சியைக் கோயில் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் நடத்தினோம். நம் வட்டாரத்துச் செம்மண் நனைந்தால் களியாகவும் காய்ந்தால் ஓடாகவும் ஆகிவிடும். அதைத் தொட்டியில் இட வேண்டாம். நாம் பரிந்துரைத்தது, கழுவிச் சலித்த பருமணல் அல்லது பியூமிஸ் என்னும் நுண்துளையுள்ள எரிமலைக் கல் இரண்டு பங்கு, செக்காம் பாக்கார் என்று கடைகளில் கிடைக்கும் கருக்கிய உமி ஒரு பங்கு, நன்கு மக்கிய உரம் ஒரு பங்கு. கட்டட வேலைக்கு வாங்கும் நுண்மணல் இடைவெளிகளை அடைத்துவிடும் என்பதால் அது உதவாது. தேங்காய் நார்த்தூளும் நெடுநேரம் ஈரத்தைப் பிடித்து வைக்கும். வறண்ட ஊர்க்காரர்களுக்கு நன்மையான அந்தக் குணமே நமக்குத் தீமையாகிறது. வாங்கிவந்த செடியின் நார்க்கட்டியைப் பிரித்து எடுத்துவிட்டே நட வேண்டும்.

தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் விரைவாக வடியும் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அது சரியன்று. மேலே இருக்கும் நுண்மண் முழுதாக நிறைந்து ததும்பும் வரை நீர் அந்தக் கல் அடுக்குக்குள் இறங்காது. ஆகவே கல் பரப்புவதால் ஈரமான அடிமண், வேருக்கு இன்னும் நெருக்கமாக மேலே வந்துவிடுகிறது. ஓட்டையுள்ள மண்தொட்டி, முழுவதும் ஒரே கலவை, இவ்வளவே போதும். அழகுக்காகத் தேநீர்க் குவளைகளில் நடுவதை விரும்பும் உறுப்பினர்கள், செடியைச் சிறு நெகிழித் தொட்டியில் வளர்த்து, விருந்தினர் வரும் நாளில் மட்டும் குவளைக்குள் இறக்கி வைக்கலாம்.

எப்போது ஊற்றுவது என்பதற்கு நாள் கணக்குச் சொல்ல இயலாது. சாத்தே குச்சி ஒன்றைத் தொட்டியின் அடிவரை செருகிச் சிறிது நேரம் கழித்து இழுத்துப் பாருங்கள். மண் ஒட்டியோ நுனி கறுத்தோ வந்தால் அன்று ஊற்ற வேண்டாம். ஊற்றும் நாளில் அடி ஓட்டை வழியே வழியும் வரை நன்றாக ஊற்றிவிட்டு, மறுபடி முழுதாகக் காயவிட வேண்டும். நாளுக்கு ஒரு தேக்கரண்டி தெளிப்பது இவ்விரண்டுக்கும் நடுவிலான தவறு.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே இவ்வாண்டு மிகுதியாக விவாதிக்கப்பட்டது. எச்சிவேரியா வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; ஆனால் தொடங்குபவர் அதிலிருந்து தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து. வெப்பமான தாழ்நிலத்தில் பிறந்த செடிகளே நம் வாசலுக்கு முதல் உரிமை உடையவை. கிழக்கு ஆப்பிரிக்காவிலும் அரபுத் தீபகற்பத்திலும் இயற்கையாக வளரும் அடீனியம், அதாவது பாலைவன ரோஜா, நம் வெயிலில் முழுநாளும் நிற்கும். விதையிலிருந்து வளர்த்தால் அதன் அடித்தண்டு குண்டாகத் திரளும். கிளை நட்டு வளர்த்தது பூக்கும், ஆனால் அந்தத் திரட்சி அவ்வளவாக வராது. வாங்கும்போது அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பச்சைக் கொய்யாவைப்போல் கெட்டியாக இருந்தால் வாங்கலாம். எங்காவது நெகிழ்ந்தால் உள்ளே அழுகல் தொடங்கிவிட்டது. அக்டோபர், நவம்பர் மழையில் மட்டும் அதைக் கூரையடிக்கு நகர்த்த வேண்டும்.

மடகாஸ்கரைச் சேர்ந்த முள்கிரீடச் செடி, அடீனியத்தைவிடவும் மழையைப் பொறுத்துக்கொள்ளும். பெரிய பூக்கொத்துள்ள தாய்லாந்துக் கலப்பினங்கள் இரவுச் சந்தையிலேயே கிடைக்கின்றன. பத்துமணிப் பூவை ஒரு விரல் நீளம் கிள்ளி ஊன்றினாலே போதும். வெயில் படாத வீட்டு முகப்புக்குச் சிறு கற்றாழை போன்ற ஹவோர்த்தியாவும், மண்ணுக்கடியில் கிழங்கில் நீர் சேர்க்கும் சாமியோகல்காசும், பாம்புக் கற்றாழையும் ஏற்றவை. சான்செவிரியா என்று நாம் அறிந்திருந்த இந்தப் பாம்புக் கற்றாழையைத் தாவரவியலார் இப்போது டிராசினா பேரினத்தோடு சேர்த்துவிட்டனர். மஞ்சள் ஓரமுள்ள வகையை இலைத்துண்டு நட்டுப் பெருக்கினால் புதுக்கன்று வெறும் பச்சையாகவே வரும். ஓரக்கோடு வேண்டுமானால் தாய்ச்செடியின் அடிக்கன்றைப் பிரித்து நடுவதே வழி. இதை அறியாமல் ஒரு முழு இலையை வெட்டி நட்டு ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

மற்றொரு வருத்தத்தையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. இவ்வாண்டு நான் ஒரு கடையில் வாங்கிய கள்ளிச்செடியின் தலையில் இருந்த இளஞ்சிவப்புப் பூ, பசைவைத்து ஒட்டப்பட்ட காய்ந்த பூவாக இருந்தது. அதைப் பெயர்த்தபோது குருத்தின் முள்ளும் தோலோடு உரிந்து வந்துவிட்டது. நீலம், ஊதா என்று சாயம் பூசிய எச்சிவேரியாக்களும் விற்பனைக்கு வருகின்றன; வண்ணப்பூச்சு இலையின் மேல் ஒளி படுவதைத் தடுத்துச் செடியை நலிவுறச் செய்யும். இலைகளின் இடுக்கைப் பிரித்துப் பார்த்தால் உண்மை நிறம் தெரிந்துவிடும். சிவப்பு, மஞ்சள் உருண்டையாக விற்கும் ஒட்டுக் கள்ளியின் நிறம் மட்டும் இயற்கையானது. அந்த உருண்டைக்குப் பச்சையம் இல்லாததால், அடியில் இருக்கும் டிராகன் பழக்கொடியின் தண்டே அதற்கு உணவு ஊட்டுகிறது. சில ஆண்டுகளே வாழும் என்று தெரிந்தே அதை வாங்க வேண்டும்.

ஆண்டின் நடுவில் சுங்கை பூலோ நாற்றங்கால்களுக்கு ஒருநாள் பயணம் சென்றோம். 1930-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பு இருந்த இடம் அது. ஊராரால் ஒதுக்கப்பட்டு அங்கே வாழ்ந்தவர்கள் பிழைப்புக்காகத் தொடங்கிய செடி வளர்ப்பே இன்று நாடறிந்த செடிச் சந்தையாகியிருக்கிறது. அந்த வரலாற்றைப் பேருந்திலேயே பேசிக்கொண்டு சென்றதால், அங்கே பேரம் பேச நம் உறுப்பினர் பலருக்கு மனம் வரவில்லை. அங்கிருந்து வாங்கிவந்த அடீனியக் கன்றுகள் அனைத்தும் நலமாக இருப்பதாக அறிகிறேன். நிழல்வலைக்குக் கீழ் வளர்ந்த அவற்றை இரண்டு வாரம் படிப்படியாக வெயிலுக்குப் பழக்கியது அதற்கு ஒரு காரணம்.

தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு நடத்திய பட்டறைக்கு, நம் பாட்டிமார் ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்றழைத்த ரணகள்ளி இலையைத் தேர்ந்தெடுத்தோம். ஆளுக்கு ஓர் இலையைக் கொடுத்துப் புத்தகப் பைக்கு அருகில் நூலில் தொங்கவிடச் சொன்னோம். இலை ஓரத்துப் பல்வெட்டுகளில் சிறு கன்றுகள் முளைத்ததைப் பிள்ளைகள் வரைந்து அனுப்பிய படங்கள் இன்று சுவரில் உள்ளன.

பாதுகாப்பு பற்றி இரண்டு செய்திகளை அழுத்திச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். முள்கிரீடத்தின் பால் கண்ணில் பட்டால் கடும் புண்ணாக்கும். அடீனியத்தின் பாலை ஆப்பிரிக்காவில் அம்புமுனை நஞ்சாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். கத்தரிக்கும்போது கையுறை வேண்டும். தவழும் குழந்தையும் பூனையும் இருக்கும் வீடுகளில் இவற்றை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். அடுத்தது, தொட்டித் தட்டுகளில் தேங்கும் நீர். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக்கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், வீட்டில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் வீட்டுக்காரருக்கு அபராதம் உண்டு. சதைப்பற்றுச் செடிக்குத் தட்டே தேவையில்லை. நீர் நிற்பது செடிக்கும் கேடு, வீட்டாருக்கும் கேடு. ஆகவே தட்டுகளை எடுத்துவிடுமாறு ஒவ்வொரு உறுப்பினரையும் கேட்டுக்கொள்கிறேன்.

செய்யத் தவறியவையும் உண்டு. மாவுப்பூச்சி பற்றிய கூட்டம் மழையால் இருமுறை தள்ளிப்போய் நடைபெறாமலேயே போனது. வேரில் ஒளிந்திருக்கும் வகையைக் காண்பதற்காகவாவது அதைப் புதிய செயலவை முதலில் நடத்த வேண்டும். தோட்டத்து லயங்களில் இன்னும் வசிக்கும் உறுப்பினர்களுக்குக் கூட்டத்துக்கு வர வாகன வசதி செய்வதாகச் சொன்னதை இரண்டு மாதம் மட்டுமே நிறைவேற்றினோம்; அது என் பொறுப்பில் இருந்த பணி, அதற்காக வருந்துகிறேன்.

கூட்டம் முடிந்ததும், பின்பக்க மேசையில் இருக்கும் அடிக்கன்றுகளையும் கிளைத்துண்டுகளையும் உறுப்பினர்கள் எடுத்துச் செல்லலாம். வெட்டிய தேதி ஒவ்வொன்றின் மேலும் எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தேதியிலிருந்து ஒரு வாரம் ஆகும்வரை மண்ணில் நட வேண்டாம். இவ்வறிக்கையை அவையின் ஏற்புக்கு முன்வைக்கிறேன்.

பணிவுடன்,
செயலாளர்