பிளாட்டினம் உப்பும் மூச்சிளைப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கீழக்கரை, தொண்டிப் பக்கமிருந்து சபர் (வெளிநாட்டு வேலைக்கு) போகிறவர்கள் பழைய கார்களின் புகையைச் சுத்திகரிக்கும் கன்வெர்ட்டரிலிருந்து பிளாட்டினம் பிரிக்கும் பட்டறையிலோ, பிளாட்டினம் முலாம் பூசும் ஆலையிலோ சேர்வதாக இருந்தால், விசா அடிப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது இது. நகையில் இருக்கும் பிளாட்டினத்துக்கு நாம் பயப்பட வேண்டியதில்லை. குளோரின் சேர்ந்த அதன் உப்புகள்தான் ஆபத்து. சிலிக்கோன் ரப்பரை இறுகச் செய்யும் வினையூக்கியும், சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும் இவற்றிலிருந்தே தயாராகின்றன.

உலோகத்தை ராஜ திராவகம் என்ற அமிலக் கலவையில் கரைத்து நவச்சாரக் (அம்மோனியம் குளோரைடு) கரைசலை ஊற்றினால் அந்த உப்பு மஞ்சள் பொடியாகப் படியும். ஈரம் இருக்கும்வரை அது பறக்காது. உலர்த்தும்போது, தட்டிலிருந்து சுரண்டும்போது, உலையில் சுடும்போதுதான் மூச்சில் ஏறுகிறது. அமெரிக்காவில் இதற்கான வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 0.002 மில்லிகிராம். ஒரு ஷிப்டில் சுமார் 10 கன மீட்டர் காற்றை இழுக்கிறோம் என்றால் மொத்தம் 0.02 மில்லிகிராம், சமையல் பொடி உப்பின் ஒரு துகள்கூட இல்லை. தூசி கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வரம்பைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

முதலில் தும்மல், மூக்கொழுகல், கண் எரிச்சல், தோலில் தடிப்பு. சில மாதங்களிலோ ஓரிரு வருடங்களிலோ மூச்சிளைப்பு (ஆஸ்துமா) தொடங்கும்; பல நேரம் ஷிப்ட் முடிந்து இரவில்தான் வரும். புகை பிடிப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். லீவில் ஊருக்கு வந்தால் தணிந்துவிடும். கடற்காற்று ஒத்துக்கொண்டது என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையில், உப்பை விட்டு விலகியதால் தணிந்தது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் மிக நுண்ணிய அளவே போதும். முகமூடியை மாற்றிப் பயனில்லை, அந்தப் பிரிவை விட்டே வெளியேற வேண்டும். தாமதித்தால் வேலையை விட்ட பிறகும் ஆஸ்துமா நீடிக்கலாம்.

உலர்ந்த பொடியை மூடிய பெட்டிக்குள், காற்று உறிஞ்சும் அமைப்போடுதான் கையாள வேண்டும். துடைப்பத்தால் பெருக்குவதும் ஏர் அடித்துச் சுத்தம் செய்வதும் கூடவே கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும். துணி முகமூடி இதற்கு உதவாது. வேலை உடையை அறைக்குக் கொண்டுவரக் கூடாது. வேலையில் சேரும்போதும், பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறையும் ஒவ்வாமையைக் கண்டறியும் தோல் ஊசிப் பரிசோதனை செய்கிறார்களா என்று கேளுங்கள்.

டப்பாவின் லேபிளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் இளைப்புக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் அதைக் காட்டுங்கள்.

வேதித்தொழில் பாதுகாப்புப் பணியாளர்கள்,
கீழக்கரை