கண்டியிலிருக்கும் மச்சானுக்கு: காருக்குள் ஒரு தண்டு

மட்டக்களப்பு
மாசி மாதம்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் மகனின் காரைப் பற்றி, உன் முழங்கால் வலியைப் பற்றி ஒரே ஒரு வரி. வீட்டில் இப்போது எது பெரிய பேச்சு என்று அதிலேயே விளங்கிவிட்டது.

இங்கே எல்லோரும் சுகம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வேளாண்மை வெட்டு நடக்கிறது. வெயில் நன்றாக எறிப்பதால் வீதியில் பாதியைக் காயப்போட்ட நெல் பிடித்துவிட்டது. எதிரே லொறி வந்தால் நெல்லுக்கு மரியாதை கொடுத்து நாங்கள்தான் ஒதுங்க வேண்டும். மண்முனைத் துறையில் வாவியைக் கடக்கும் பாதைக்கு, அந்த மிதவைப் படகுக்கு, காத்து நின்று வெயிலில் காய்ந்த நாட்களை நீ மறந்திருக்க மாட்டாய். 2014இல் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைக்குப் போய் வருவதை ஒரு பயணம் என்றே யாரும் சொல்வதில்லை.

சரி, கார். கொழும்பில் கார் உதிரிகள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பார்த்து வைத்திருக்கும், பொனட்டுக்குள் குறுக்கே பூட்டும் ஸ்ட்ரட் பாரை வாங்கலாமா என்று தம்பி, உன் மகன்தான், கேட்கிறான், நீ என்னிடம் கேட்கிறாய். வாங்க வேண்டாம், இப்போதைக்கு. காரணத்தைச் சொல்கிறேன். வகுப்பில் படிப்பித்த பழக்கம் இன்னும் போகவில்லை, பொறுத்துக்கொள்.

அவனுடைய கொரோலா 121இன் முன்பக்கம் மக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷொக்கையும் (அதிர்வுதாங்கி) ஸ்பிரிங்கையும் ஒன்றாக்கிச் சில்லைப் பிடிக்கும் கால். ஏர்ல் மக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் உருவாக்கிய அமைப்பு. 1950இல் அறிமுகமான ஃபோர்ட் கொன்சலில் அது வந்தது. மலிவு, இடம் பிடிக்காது. அதனால்தான் இன்றைய சின்னக் கார்களில் பெரும்பாலானவை அதைக் கைவிடவில்லை. பொனட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் கோபுரம் போலத் தகடு எழும்பி நிற்கும், அதன் தலையில் மூன்று நட்டுகள் தெரியும். ஷொக்கும் ஸ்பிரிங்கும் அங்கேதான் தொங்குகின்றன. அந்த இரண்டு தலைகளையும் இணைக்கும் இரும்பு அல்லது அலுமினியத் தண்டுதான் தம்பி ஆசைப்படுவது.

ஒரு கணக்குப் போட்டுப் பார். கீழே சில்லைக் கீழ்க் கையோடு பிணைக்கும் போல் ஜொயின்ட் தரையிலிருந்து 20 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஸ்ட்ரட்டைக் கோபுரத்தோடு பூட்டும் மேல் மவுண்ட் 80 சென்ரிமீற்றர் உயரத்தில் என்று வைத்துக்கொள். வளைவில் தரை டயரைப் பக்கவாட்டில் 300 கிலோ விசையில் தள்ளினால் கோபுரத்தின் தலைக்கு வருவது 100 கிலோ. சில்லை அடியில் உடலோடு இணைக்கும் கீழ்க் கைக்கு வருவது 400 கிலோ. நெம்புகோல் கணக்குத்தான், வேறொன்றும் இல்லை. ஆக, சுமையின் பெரும்பங்கு அடியில் இருக்கிறது. நாங்கள் பொனட்டைத் திறந்து பளபளவென்று காட்டக்கூடிய இடத்தில் தண்டைப் பூட்டுகிறோம். அடியில் பூட்டும் தண்டை யாரும் பார்க்கமாட்டார்கள், அதனால் யாரும் அதற்கு ஆசைப்படுவதும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. வளைவில் இரண்டு கோபுரங்களும் ஒரே பக்கமாகத்தான் தள்ளப்படுகின்றன. வெளிச்சில்லின் பக்கம் அதிகம், உட்சில்லின் பக்கம் குறைவு. நடுவில் நிற்கும் தண்டு அவற்றுக்கு இடையிலுள்ள தூரத்தை மட்டும் காக்கும். இரண்டும் சேர்ந்து சாய்ந்தால் தண்டும் கூடவே சாயும். நம் வீட்டுப் படலையை நினைத்துப் பார்: மேலும் கீழும் எத்தனை சட்டம் அடித்தாலும் மூலைக்கு மூலை ஒரு குறுக்குச் சட்டம் இல்லாவிட்டால் ஒரு மாரிக்குள் தொங்கிவிடும். அதனால்தான் சில கார்களுக்குத் தொழிற்சாலையிலேயே முக்கோணமாகச் செய்து, என்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டுச் சுவரோடும் சேர்த்துப் பூட்டுகிறார்கள். அது வேலை செய்யும் தண்டு. பள்ளத்தில் இரண்டு சில்லும் ஒன்றாக விழும்போது மட்டும் நேர்த்தண்டுக்கும் நல்ல வேலை உண்டு. ஸ்ட்ரட் மேற்பக்கம் உள்ளே சாய்ந்து நிற்பதால் இரண்டு தலைகளும் ஒன்றையொன்று நோக்கி நெருங்கப் பார்க்கும், தண்டு முட்டுக்கொடுக்கும்.

அக்காவின் மகனிடம் ஹொண்டா சிவிக் ஈகே3 இருக்கிறது, உனக்குத் தெரியும். அவனும் ஒரு தண்டு பூட்டி, கல்லடிப் பாலத்தில் ஏறி இறங்கிவிட்டுக் கார் ரேஸ் கார் மாதிரி இருக்கிறது என்றான். அந்தச் சிவிக்கில் முன்னும் பின்னும் டபுள் விஷ்போன், சில்லை மேலும் கீழும் இரண்டு கைகள் பிடிக்கும் அமைப்பு. பக்கவாட்டு விசையை மேற்கையும் கீழ்க்கையும் வாங்கிக்கொள்ளும், ஷொக்கின் தலைக்கு வருவது பெரும்பாலும் மேல்கீழ்ச் சுமைதான். அங்கே தண்டு செய்வது இன்னும் குறைவு. சொன்னேன், முகம் சுருங்கிவிட்டது. பிறகு ஒரு வாரம் என்னோடு கதைக்கவில்லை.

அவனுக்காக ஒரு சின்ன வேலை செய்து பார்த்தோம். தம்பிக்கும் சொல், செலவே இல்லை. ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போகும் இரண்டு மெல்லிய குழாய்களை எடுத்து, ஒவ்வொன்றின் முனையையும் ஒவ்வொரு கோபுரத்தின் நட்டோடு கட்ட வேண்டும். உட்குழாயில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி, வெளிக்குழாயின் வாயோடு ஒட்டி நிற்க விட வேண்டும். கோபுரங்கள் நெருங்கினால் குழாயின் வாய் வளையத்தைத் தள்ளிவிடும், பின்னர் விலகினாலும் வளையம் தள்ளிய இடத்திலேயே நிற்கும். கல்முனை வரை போய் வந்து பொனட்டைத் திறந்தோம். வளையத்துக்கும் குழாயின் வாய்க்கும் நடுவில் ஒரு கடதாசியைக்கூட நுழைக்க முடியவில்லை. தார் போட்ட நேரான கரையோர வீதி, வேறு என்ன வரும்? உங்கள் பக்கத்து மலைவீதியின் பதினெட்டு வளைவில் இறங்கிப் பார்த்தால் கொஞ்சம் நகர்ந்திருக்கலாம். அப்படி நகர்ந்தால் தண்டுக்கு அங்கே ஏதோ வேலை இருக்கிறது என்று பொருள்.

உடல் விறைப்பாக இருப்பது வீண் என்று நான் சொல்ல வரவில்லை. காரின் உடல் முறுகினால் அதுவும் ஒரு ஸ்பிரிங். ஷொக்கின் கட்டுப்பாட்டுக்குள் வராத ஸ்பிரிங். முன்பக்கம் எவ்வளவு சாய வேண்டும், பின்பக்கம் எவ்வளவு என்று ஸ்பிரிங்காலும் சரிவைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாராலும் பிரித்து வைப்பதெல்லாம் நடுவிலிருக்கும் உடல் முறுகாமல் நின்றால்தான் சில்லு வரை போய்ச் சேரும். லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கிய கொலின் சப்மன் 1962இல் லோட்டஸ் 25 பந்தயக் காரைக் குழாய்ச் சட்டத்தை விட்டுத் தகட்டுத் தொட்டியாகச் செய்ததற்கு முக்கியமான காரணம் அதுதான். பாரம் குறைந்தது, விறைப்பு கூடியது. அடுத்த ஆண்டே ஜிம் கிளார்க் அந்தக் காரில் உலகப் பட்டம் வென்றார். ஆனால் சப்மன் முழு உடலையும் மாற்றினார். மூன்று நட்டுக்கு மேலே ஒரு தண்டு வைத்து அதே பலன் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

ஸ்டெபிலைசர் பார் என்றதும் ஒன்று. அதையும் இதையும் தம்பி குழப்பிக்கொண்டிருக்கிறான் என்று உன் கடிதத்தில் தெரிகிறது. கார் வளைவில் சரிவதைக் குறைப்பது அடியில் இருக்கும் ஸ்டெபிலைசர் பார். ஸ்ட்ரட் பார் சரிவைக் குறைக்காது. அது செய்யக்கூடியது, சில்லு நிற்கும் கோணத்தைக் கொஞ்சம் காப்பதும் ஸ்டியரிங் திருப்பியதும் முன்பக்கம் சற்று விரைவாகப் பதில் சொல்வதும்தான். பின்னுக்கும் ஒன்று போடலாம் என்று கடைக்காரர் சொன்னாராம். 121இல் பின்னால் டோர்ஷன் பீம், இரண்டு பின்சில்லுகளையும் சேர்க்கும் ஒரே குறுக்குச் சட்டம். பக்கவாட்டு விசை பீமின் ரப்பர் புஷ் வழியாகக் கீழே உடலுக்குள் போகிறது. டிக்கிக்குள் தண்டு போட்டால் சாமான் வைக்க இடம் குறையும், வேறு பலன் இல்லை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வளைவில் கார் "அலைகிறது" என்று அவன் சொல்வதை நான் நம்புகிறேன். இருபது வயதை எட்டிய கார் அது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மறுபடி வழி விட்டார்கள். அந்த இடைவெளியில் எல்லோரும் கிழடுகளை வைத்துத்தானே சமாளித்தோம். அந்த வயதில் கீழ்க் கையின் பின் புஷ் வெடித்திருக்கும், 400 கிலோ வருகிறது என்றேனே, அதே கைதான். புஷ் வெடித்தால் பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் சில்லு தன் பாட்டுக்கு முன்னே பின்னே போகும். காரை ஸ்டாண்டில் ஏற்றி, கைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு கடப்பாரை நுனியை வைத்து மெதுவாக நெம்பச் சொல். நல்ல புஷ் கொஞ்சம் அசைந்து திரும்பி வரும். வெடித்தது வாயைத் திறந்து காட்டும், ரப்பர் கிழிந்த இடம் கறுப்பாகப் பளபளக்கும். அதோடு ஷொக் மவுண்ட், ஸ்டியரிங்கின் ரேக் என்ட், டயரின் வயது, காற்று எல்லாவற்றையும் பார்க்கச் சொல். இவை சரியில்லாத காரில் தண்டு பூட்டினால் தண்டின் பளபளப்பு மட்டும்தான் மிச்சம்.

கோபுரத்தின் தகட்டையும் விரலால் தட்டிப் பார்க்கட்டும். கண்டியில் உப்புக்காற்று இல்லை, இருந்தாலும் அந்தக் கார் முதலில் எங்கே ஓடியது என்று யாருக்குத் தெரியும். இங்கே கடற்கரைப் பக்கத்துக் கார்களில் பெயின்ட் கொப்பளித்து, உள்ளே தகடு பிஸ்கட் போல உடைவதைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலையில் தண்டல்ல, வெல்டிங் வேலை.

எல்லாம் சரிசெய்த பிறகும் ஆசை விடவில்லையென்றால் வாங்கட்டும், இளம் பிள்ளைதானே. ஆனால் நேரான, ஒரே துண்டாக வெல்ட் செய்த தண்டாகப் பார்க்கச் சொல். நடுவில் வளைந்து என்ஜினைச் சுற்றிப் போவதும், முனைகளில் ஒரு போல்டில் ஆடுவதும் அழகுக்குத்தான். சமதரையில், கார் தன் பாரத்தோடு நான்கு சில்லிலும் நிற்கும்போது பூட்ட வேண்டும், ஜக்கில் தூக்கி வைத்துக்கொண்டு அல்ல. நீளம் மாற்றும் திருகு இருந்தால் கையால் இறுகும் வரை போதும். ஒரு பக்கம் பலமாக மோதினால் தண்டு வழியாக மறுபக்கக் கோபுரத்துக்கும் அடி போகலாம் என்பதையும் சொல்லி வை.

சித்திரைக்கு நீங்கள் வருவதாக எழுதியிருக்கிறாய். அதே காரில்தான் வருவீர்கள் என்றால் புஷ் மாற்றிவிட்டே வாருங்கள். பதுளை வீதியில் மாலை ஆறு மணிக்குப் பிறகு ஓட வேண்டாம், யானை நடமாட்டம் இருக்கிறது. அம்மா உன்னைக் கேட்டபடி இருக்கிறார். கண் ஒப்பரேஷன் முடிந்ததிலிருந்து பேப்பரை முழுக்க வாசித்து எங்களுக்குச் செய்தி சொல்கிறார். நீ வரும்போது நல்ல கொரக்காய் கொஞ்சம் கொண்டு வா, மீன் குழம்புக்கு அதுதான் வேண்டும் என்று பிடிவாதம். முழங்காலுக்கு யாரிடம் காட்டினாய், என்ன சொன்னார்கள் என்று அடுத்த கடிதத்தில் ஒரு பக்கமாவது எழுது.

அன்புடன்,
உன் மச்சான்