மாரிக்கு, அந்த நாலு ரிம்மைப் பற்றி

பட்டர்வொர்த்

அன்புள்ள மாரி,

நலம். நீயும் தங்கச்சியும் நலமாக இருப்பது செல்வியின் ஸ்டேட்டஸைப் பார்த்தாலே தெரிகிறது. சரஸ்வதி முட்டிவலிக்கு மறுபடியும் எண்ணெய் மாற்றியிருக்கிறாள். குணா வழக்கம்போல யாரிடமும் பேசுவதில்லை.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ "அதெல்லாம் எனக்குத் தெரியும்டா" என்று குறுக்கே விழுவாய். கடிதத்தில் உன்னால் அது முடியாது. உட்கார்ந்து முழுசாகப் படி.

நீ எங்கள் தலையில் கட்டிய உன் பழைய மைவி காடியைப் பற்றித்தான். "ஸ்போர்ட் ரிம் போட்ட காடி, ரிம்முக்கே தனியாக விலை கேட்கணும்" என்று அளந்தாய். வெள்ளி நிறம் என்றாய். வந்து இறங்கியதைப் பார்த்தால் நாலும் வறுத்த காப்பிக்கொட்டை நிறம். நம்ம பிள்ளை கவினுக்கு அதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. காலையில் பினாங்குப் பாலம் ஏறி பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போகிறான், இருட்டினபிறகு வருகிறான். ரிட்டையர் ஆன நான்தான் வாசலில் உட்கார்ந்து அந்த ரிம்மையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. கார் சோப்பு, பழைய டூத் பிரஷ், எலுமிச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. மேலே இருந்த கறுப்பு போனது. அடியில் புள்ளி புள்ளியாகத் துருக்கறை அப்படியே இருந்தது.

உன்னிடம் கேட்டதற்கு நீ சொன்ன வைத்தியம் ஞாபகமிருக்கிறதா? "டாய்லெட் கழுவுற ஆசிட்டை ஊத்தித் தேயி." நல்ல வேளை, ஊற்றவில்லை. ஸ்போர்ட் ரிம் அலுமினியக் கலவை. ஆசிட் பட்டால் மேலே இருக்கிற கிளியர் கோட் என்கிற நிறமில்லாத பூச்சு மங்கிப்போகும், உள்ளே இறங்கினால் உலோகத்தையே அரிக்கும். காஸ்டிக் சோடாவும் அலுமினியத்துக்கு எமன். கம்பி நாரை வைத்துத் தேய்த்தால் கறையோடு பூச்சும் சேர்ந்து வந்துவிடும். இன்னொன்றும் கேள். இங்கே ஒரு கார் வாஷில், பேர் ஒட்டாத பாட்டிலில் இருந்து எதையோ ரிம்மில் ஊற்றி, வெறுங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தான் ஒரு பையன். அதில் என்ன இருந்ததோ. ஆனால் ரிம் கழுவுகிற சில மருந்துகளில் ஹைட்ரோஃபுளூரிக் ஆசிட் இருக்கிறது. அது பட்ட உடனே எரியாமலும் இருக்கலாம். சில மணி நேரம் கழித்துத்தான் வலி தெரியும், அதற்குள் தோலுக்குள் இறங்கி எலும்பின் சுண்ணாம்புச் சத்தைத் தேடிப் போயிருக்கும். அந்தப் பையனிடம் கிளவுஸ் போடு என்று சொன்னேன். சிரித்தான். உன் வீட்டுப் பக்கம் கார் வாஷுக்குப் போனால் என்ன ஊற்றுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேள்.

சரி, அலுமினியம் துருப்பிடிக்காதே, பிறகு அந்தக் கறை எங்கிருந்து வந்தது என்பதுதான் என் மண்டையைக் குடைந்தது. விஷயம் இதுதான். பிரேக் மிதித்தால் பேட் போய், சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க் தட்டைக் கவ்வுகிறது. பேட்டும் தேய்கிறது, வார்ப்பிரும்பு டிஸ்க்கும் தேய்கிறது. உதிரும் பொடியில் நிறைய இரும்பு. அது சூட்டோடு தெறித்து ரிம் பூச்சில் பதிந்துவிடுகிறது. அதன்மேல் நம்ம ஊர் மழை, பாலத்தில் அடிக்கிற உப்புக்காற்று. துருப்பிடிப்பது ரிம் இல்லை மாரி, அதன்மேல் குந்தியிருக்கிற இரும்பு. சோப்புக்கு அது எப்படி மசியும்?

அதற்கென்றே அயர்ன் ரிமூவர் என்று ஒன்று விற்கிறது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால், ரிம் ஆறிக் குளிர்ந்திருக்கும்போது, தண்ணீர் பீய்ச்சிவிட்டு அதை அடிக்க வேண்டும். அடிக்கும்போது தண்ணி மாதிரிதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஊதா நிறம் கசிய ஆரம்பித்தது. போல்ட் குழியிலிருந்து ஒரு கோடு, ரிம் கம்பியின் உள்பக்கத்திலிருந்து ஒரு கோடு, அப்படியே வழிந்து சிமெண்டுத் தரையெல்லாம் ஊதா. பக்கத்து வீட்டு ஆச்சி வேலி ஓரமாக வந்து "என்னா தம்பி, காடிக்கு அடிபட்டுருச்சா?" என்கிறார். இரும்போடு சேர்ந்தால் நிறம் மாறுமாம், அதுவே அடையாளம். காய விட்டுவிடக் கூடாது. மெல்லிய பிரஷால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, மிச்சம் இருந்தால் மறுபடியும் அடிக்கலாம்.

நாற்றம் இருக்கிறதே, ஐயோ! அழுகின முட்டை. சரஸ்வதி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, "ராஜேஸ்வரி டீச்சர் வந்திருக்காங்களா?" என்றாள். சிரித்துச் சிரித்து பிரஷைக் கீழே போட்டுவிட்டேன். ஆனால் அவள் சொன்னது சரிதானடா. இதில் இருப்பது தையோகிளைக்கோலேட். சலூனில் முடியைச் சுருட்டப் போடுவதும் அதே சரக்குதான். டீச்சர் முடியைச் சுருட்டிக்கொண்டு வந்த அந்தத் திங்கட்கிழமை வகுப்பில் நீ தும்மின தும்மல் எனக்கு இன்னும் காதிலேயே இருக்கிறது.

சிரிப்பு போதும். நான் எழுத உட்கார்ந்ததே இனிமேல் வருவதற்காக.

மைவிக்கு முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பிரேக் மிதித்தால் பளு முன்பக்கம் சாயும், அதனால் முன் ரிம்களில் அழுக்கு கூடுதலாகத்தான் இருக்கும். ஆனால் முன்னால் இருக்கிற இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்க வேண்டுமே! வலது பக்கம் லேசாகத்தான் ஊதா வழிந்தது. இடது பக்கம் அடிக்க அடிக்க நிற்கவேயில்லை. கவின் வேலை முடிந்து வந்ததும் இரண்டு ரிம் பக்கத்திலும் கையைக் கொண்டுபோனேன், தொடவில்லை. இடது பக்கம் அனல் அடித்தது. "காடி கொஞ்சம் இடது பக்கமா இழுக்குதுப்பா, அலைன்மெண்ட் பாக்கணும்னு இருந்தேன்" என்கிறான் பிள்ளை, சாவகாசமாக.

மறுநாளே நம்ம தாமானில் காடி ரிப்பேர் பார்க்கிற ஃபோர்மனிடம் கொண்டுபோனோம். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் சுற்றவில்லை, உரசுகிறது. கழற்றிப் பார்த்தால், பேட்டைப் பிடித்து அழுத்துகிற காலிப்பர் நகர்கிற பின் துருவேறி இறுகிப்போயிருக்கிறது, அதன் ரப்பர் கிழிந்து கிடக்கிறது. வெளிப்பக்கத்து பேட்டில் பாதிக்கு மேல் மிச்சம். உள்பக்கத்து பேட் இரும்புத் தகடு தெரிய இன்னும் ஒரு நூல்தான். நீ பார்த்திருக்கவே முடியாது. ரிம் இடுக்கு வழியாகக் கண்ணுக்குத் தெரிவது வெளிப்பக்கத்து பேட்தானே. காலை மிதியிலிருந்து எடுத்த பிறகும் அந்தப் பக்கம் விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. பின்னைச் சுத்தம் பண்ணி, கிரீஸ் போட்டு, ரப்பர் மாற்றி, இரண்டு பக்கமும் புது பேட் போட்டாயிற்று. இப்போது நேராக ஓடுகிறது.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கவினை நினைத்து இல்லை. அவன் பாலத்து ஜாமில் ஊர்ந்துதானே போகிறான். இந்தக் காடியில்தான் பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஸ்கூல் லீவு விட்டால் கெந்திங் மலைக்குப் போனாய். இறங்கும்போது கியரைக் குறைக்காமல் அடிவாரம் வரைக்கும் பிரேக்கிலேயே காலை வைத்து வருகிற ஆள் நீ. நான் பின்சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறேன், அந்தக் கருகல் வாடை எனக்குத் தெரியும். 2013 ஆகஸ்டில் அந்த இறக்கத்தில்தான் பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் போனார்கள். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது பெரிய காடி வாங்கியிருக்கிறாய். மாதத்துக்கு ஒருதரம் கார் வாஷில் விட்டு, பளபளவென்று போட்டோ போடுகிறாய். அதுதான் எனக்குப் பயம். கழுவித் துடைத்துவிட்டால் எந்தச் சக்கரம் என்ன சொல்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்? முதலில் பார், பிறகு கழுவு. இன்னொன்று, கழுவி நிறுத்தின மறுநாள் டிஸ்க் ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் உடனே எனக்குப் போன் போடாதே. ஈரம் பட்ட வார்ப்பிரும்பு அப்படித்தான். ஓட்டி இரண்டு தடவை பிரேக் போட்டால் போய்விடும்.

ஆக, இந்தச் சனிக்கிழமை கார் வாஷுக்குப் போகாதே. நாலு ரிம்மையும் தனித்தனியாகப் போட்டோ எடுத்து, எது எந்தப் பக்கம் என்று எழுதி அனுப்பு. குரல் பதிவு வேண்டாம், பாதி இருமல்தான் கேட்கிறது. பேட்டுக்கும் ஃபோர்மன் கூலிக்கும் ஆன காசைக் கவின் உன்னிடம் கேட்க மாட்டான், மாமா என்கிற மரியாதை. எனக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது, தீபாவளிக்கு வரும்போது எடுத்துக்கொண்டு வா.

உன்
கணேசு