பொம்மையின் அடியில் மூன்று விவரம்: கொலு பொம்மை வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கொலு பொம்மைக் கடை நடத்துவோருக்கும், ஊர் ஊராகப் போய்க் கொள்முதல் செய்யும் மொத்த வியாபாரிகளுக்கும், நவராத்திரிக் கண்காட்சி அமைப்போருக்கும் வணக்கம்.

உங்களுக்குத் தெரியாத எதையும் இந்த மடலில் சொல்லப்போவதில்லை. கடையில் எந்தப் பொம்மை மண், எது காகிதக்கூழ், எது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், எது ஃபைபர் என்பது கையில் எடுத்த மாத்திரத்தில் உங்களுக்குத் தெரியும். வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை. கேட்டால், "பேப்பர் மேஷ்தான்மா, லைட் வெயிட், உடையாது" என்று ஒரே பதில் வருகிறது. போன நவராத்திரியிலும் "காகிதக்கூழ்" என்று அட்டை வைத்த வரிசைகளில் பிளாஸ்டர் பொம்மைகள் கலந்தே நின்றன. வீட்டுக்குக் கொண்டுபோய், கொலு முடிந்து பெட்டியில் வைக்கும்போது விரல் நுனி உதிர்ந்து வெள்ளைப் பொடி கொட்டும். அப்போதுதான் வாங்கியவருக்கு விஷயம் புரிகிறது.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு பொம்மையின் அடியிலும் மூன்று விவரம் இருக்க வேண்டும்: எதில் செய்தது, எந்த ஊரில் செய்தது, எந்த ஆண்டு செய்தது. செய்தவர் பெயர் போட அவருக்கு விருப்பமிருந்தால் அதுவும் இருக்கட்டும்.

இதற்கு ஏன் இவ்வளவு வற்புறுத்தல் என்று கேட்கலாம். ஒரு கை உடைந்த பொம்மையை எடுத்துக்கொள்வோம். பாம்பாட்டியின் மகுடி பிடித்த கை என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்கைக்குக் கீழே போய்விட்டது.

அது காகிதக்கூழ் என்றால் வைத்தியம் எளிது. செய்தித்தாளைக் கிழித்து இரண்டு நாள் ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, மைதாப் பசையில் பிசைய வேண்டும். பூச்சி வராமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்க்கலாம். அது விஷம், குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது. கூழை மெல்லிய படலமாகப் பூசி, நிழலில் காயவிட்டு, அதன்மேல் அடுத்த படலம். அவசரப்பட்டுக் கனமாக அப்பினால் மேலே வெடிக்கும், உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

அதே கூழைப் பிளாஸ்டர் பொம்மையில் பூசினால் என்ன ஆகும்? காயும்போது கூழ் சுருங்கும், பிளாஸ்டர் சுருங்காது. ஒட்டிய இடத்தில் மயிரிழையாக ஒரு விரிசல் ஓடி, சில மாதத்தில் கை கழன்று விழும். போதாததற்கு ஈரக்கூழின் தண்ணீரைப் பிளாஸ்டர் உறிஞ்சிக்கொண்டு, பக்கத்தில் நன்றாக இருந்த பெயின்ட்டையும் தூக்கிவிடும். பிளாஸ்டருக்கு உடைந்த பரப்பைத் தூரிகையால் துடைத்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலை முதலில் ஒரு தடவை பூசிப் பொடியை இறுக்க வேண்டும். பிறகுதான் கெட்டியான பசை. புதிய பிளாஸ்டர் வைத்துக் கையை உருவாக்குவதானால் பழைய பரப்பை நனைத்த பிறகே வைக்க வேண்டும். காய்ந்த பிளாஸ்டர்மேல் வைத்தால் ஈரத்தை அது இழுத்துவிடும், புதியது இறுகாமல் மாவாகவே நின்றுவிடும். உள்ளே கம்பி தேவைப்பட்டால் பித்தளை அல்லது அலுமினியம். கட்டுக்கம்பியை வைத்தால் துருப்பிடித்து, ஒரு மழைக்காலத்துக்குள் பெயின்ட்டைத் தாண்டிப் பழுப்புக் கறை வெளியே வரும்.

சுட்ட மண் என்றால் இது எதுவும் வேண்டாம். எம்-சீல் என்ற ஒட்டுமாவின் இரண்டு பாகத்தையும் சம அளவு எடுத்து ஒரே நிறமாகும்வரை பிசைந்து வைத்து, ஓர் இரவு அசையாமல் விட்டால் போதும். துண்டு பத்திரமாக இருந்தால் அரால்டைட் பசை. ஆனால் அதே அரால்டைட்டைக் காகிதக்கூழ் பொம்மையில் போடக்கூடாது. ஒட்டிய இடம் கல்லாகிவிடும், அதை ஒட்டிய கூழ் மென்மையாகவே இருக்கும். அடுத்த முறை அடிபட்டால் பழைய முறிவுக்குப் பக்கத்திலேயே, முன்பைவிடப் பெரிய துண்டாகப் பெயரும்.

மூன்று பொருளுக்கு மூன்று வைத்தியம். ஒன்றுக்கானதை இன்னொன்றுக்குச் செய்தால், கையோடு போகவேண்டியது முழுப் பொம்மையையும் கொண்டுபோய்விடும். இதைத் தீர்மானிக்க வேண்டிய ஒரே தகவல் உங்களிடம் இருக்கிறது. அதைத்தான் எழுதச் சொல்கிறோம்.

தட்டிப் பார்த்தால் தெரியாதா என்பீர்கள். சுட்ட மண் கணீரென்று ஒலிக்கும், உண்மைதான். கூழும் பிளாஸ்டரும் இரண்டுமே மந்தமாகத்தான் ஒலிக்கும். எடை? உள்ளே கூடாக வார்த்த பிளாஸ்டர் பொம்மை கூழ் அளவுக்கே லேசாக இருக்கும். தேங்காய்நார் வைத்து வார்த்ததும் உண்டு, அதன் உடைப்பில் நார் தெரிவதால் கூழ் என்றே நினைக்கத் தோன்றும். சுரண்டிப் பார்த்தால் வெள்ளைப் பொடி வரும், ஆனால் நல்ல கூழ் பொம்மைக்கும் மேலே வெள்ளைப் பூச்சு உண்டு. அந்தப் பூச்சு சுண்ணாம்பு வகை என்றால் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாற்றில் நுரைக்கும், பிளாஸ்டர் நுரைக்காது. பூச்சைத் தாண்டி ஆழமாகச் சுரண்டினால் சாம்பல் நிற நார் தெரிய வேண்டும். இத்தனையும் செய்து பார்க்கப் பெயின்ட் படாத ஓர் இடம் வேண்டுமே? முன்பெல்லாம் பொம்மையின் அடிப்பக்கம் வெறுமையாக இருக்கும். இப்போது அதையும் சேர்த்துப் பெயின்ட் அடித்து, சிலவற்றில் வெல்வெட் துணியும் ஒட்டி அனுப்புகிறீர்கள். காசு கொடுத்து வாங்குகிறவர் கடையில் நின்று எலுமிச்சம்பழம் பிழிந்து சோதிக்க வேண்டும் என்பது நியாயமா?

பிளாஸ்டர் பொம்மை விற்கக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. அதில் முக வார்ப்பு கூர்மையாக வரும், விலையும் கட்டுப்படியாகும். நீரில் கரைக்கும் சிலைகளுக்குப் பிளாஸ்டர் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020 வழிகாட்டுதல்கள் சொல்வதால் விநாயகர் சிலையை வாங்குகிறவர் "இது மண்ணா?" என்று கேட்கப் பழகிவிட்டார். கொலு பொம்மையை யாரும் கரைப்பதில்லை, அதனால் யாரும் கேட்பதில்லை. கேட்கப்படாத கேள்வி என்பதால் தவறான பதில் சொல்லலாம் என்று ஆகாது. பிளாஸ்டரைப் பிளாஸ்டர் என்று சொல்லி, அதற்குரிய விலையில் விற்றால் நாங்களும் வாங்குவோம், அதற்குத் தக்கபடி பாதுகாப்போம்.

பாதுகாப்பதிலும் இதே சிக்கல்தான். காகிதக்கூழுக்குப் பகை கரையானும் ராமபாணப் பூச்சியும். வேப்பிலையோ அந்துருண்டையோ துணியில் முடிந்து, பெயின்ட்டில் படாமல் வைக்க வேண்டும். பிளாஸ்டருக்குப் பகை ஈரம். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் உள்ளேயே வேர்த்துப் பெயின்ட் செதில் செதிலாக எழும். பருத்தித் துணிதான் சரி, பழைய வேட்டி மிக நல்லது. நீங்கள் சுற்றிக் கொடுக்கும் குமிழ் பிளாஸ்டிக்கை அப்படியே விட்டுப் பரணில் ஒரு கோடையைக் கழித்தால், பளபளப்புப் பெயின்ட்டில் வட்ட வட்டமாக அச்சு விழும். அது பிறகு போகாது. வீட்டுக்கு எடுத்துப் போவதற்கு மட்டும்தான் அது என்று பில் கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? பெட்டி அடுக்கும்போதும் கனமானது அடியில், கூழ் மேலே. எது எது என்று தெரியாமல் எப்படி அடுக்குவது?

அடுத்தது ஊர். மதுரை விளாச்சேரி, கடலூர் வண்டிப்பாளையம், பண்ருட்டி, காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெரு, புதுச்சேரி கோசப்பாளையம் என்று ஒவ்வோர் இடத்திலிருந்தும் வரும் பொம்மைக்கு ஒரு தனிக் கைவண்ணம் உண்டு. புருவத்தை வளைப்பதிலும், கரையில் பொன்வண்ணம் இடுவதிலும், பீடத்தின் உயரத்திலும் பழகிய கண்ணுக்கு வித்தியாசம் தெரியும். மயிலாப்பூர் வடக்கு மாட வீதி நடைபாதைக்கு வந்து சேர்ந்ததும் எல்லாம் வெறும் "கொலு பொம்மை" ஆகிவிடுகிறது. தஞ்சாவூர் பொம்மைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. இருந்தும் பிளாஸ்டிக்கில் வார்த்த தலையாட்டிகள் எல்லாக் கண்காட்சியிலும் தஞ்சாவூர் பொம்மை என்றுதான் விற்கப்படுகின்றன. மரப்பாச்சியிலும் இதே கதை. செஞ்சந்தனம் என்று சொல்லி வேறு மரத்துக்குச் சாயம் ஏற்றி விற்பவர் உண்டு. ஈரப்பஞ்சால் லேசாகத் துடைத்ததுமே சிவப்பு இறங்கினால் அது மேல் பூச்சுச் சாயம். எந்த மரம் என்று பாதத்தின் அடியில் ஒரு சொல் பொறித்திருந்தால் பஞ்சுக்கே வேலையில்லை.

மூன்றாவது விவரம், ஆண்டு. ஜெர்மனியில் செய்த பீங்கான் தலைப் பொம்மைகளின் பிடரியில் செய்த நிறுவனத்தின் பெயரும் அச்சு எண்ணும் இருக்கும். அர்மான் மார்செய் நிறுவனத்தின் 390 என்ற எண்ணைப் பார்த்ததும் சேகரிப்போர் அடையாளம் சொல்லிவிடுவார்கள். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அதனால் "ஜெர்மனி" என்ற ஒரு சொல் இருப்பதை வைத்தே அந்தப் பொம்மை பெரும்பாலும் அதற்குப் பிந்தியது என்று இன்று கணிக்கிறார்கள். நம் வீட்டுப் பரணில் இருக்கும் செட்டியார் பொம்மை எந்தப் பத்தாண்டைச் சேர்ந்தது, எந்த ஊர்க் குயவர் செய்தது என்று சொல்ல ஒரு தடயமும் கிடையாது.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கடைக்கு வந்து பல்லாங்குழி ஆடும் பெண்கள் செட்டையோ மரச்செப்பையோ நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றால், "பேத்திக்கா?" என்று கேட்கிறீர்கள். தனக்குத்தான் என்றால் ஒரு சிரிப்பு. சின்ன வயதில் ஒன்பது நாள் மட்டும் கண்ணில் பட்டு, தொடக்கூடாது என்று பெரியவர்கள் அதட்டி, பத்தாம் நாள் பெட்டிக்குள் போய்விட்ட ஒரு முகத்தைத் தேடித்தான் அவர் வந்திருக்கிறார். இன்று அவரிடம் பணம் இருக்கிறது, தொட்டுப் பார்க்கத் தடை இல்லை. உங்கள் கடையில் பேரம் பேசாமல் வாங்குபவரும் அவர்தான். அவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

அவர் கேட்கும் உதவிகளும் பெரியவை அல்ல. தசாவதாரத்தில் வாமனர் ஒன்று உடைந்தால் பத்தையும் வாங்கச் சொல்கிறீர்கள். அச்சு அதே பட்டறையில்தானே இருக்கிறது? அச்சு எண் ஒன்று அடியில் இருந்தால் தனிப் பொம்மையாகச் செய்து தரச் சொல்லிக் கேட்க முடியும். பழைய பொம்மையை "டச்-அப்" செய்யக் கொடுத்தால் முகம் முழுக்க எனாமலைப் பூசி, பழைய கண்ணை அழித்துப் புதுக்கண் வரைந்து தருகிறார்கள். உதிர்ந்த இடத்தில் மட்டும் தண்ணீர் வண்ணத்தால் தொட்டால் போதும் என்று சொல்லி அனுப்புங்கள். அந்தக் கண்ணுக்காகத்தான் அவர் அதை இத்தனை வருடம் வைத்திருக்கிறார்.

கோபம் கொஞ்சம் கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கைக்கே வருகிறோம்.

எழுதுவதற்குச் செலவும் அதிகமில்லை. மண் பொம்மை என்றால் சூளைக்குப் போகும் முன், பச்சையாக இருக்கும்போதே ஓர் ஊசியால் அடியில் கீறிவிடலாம், காலத்துக்கும் அழியாது. அச்சில் வார்ப்பதானால் அச்சின் அடிப்பாகத்தில் எழுத்தைத் திருப்பிச் செதுக்கிவிட்டால் ஒவ்வொரு வார்ப்பிலும் நேராக விழும். ஆண்டை மட்டும் தனியாகப் போட்டுக்கொள்ளலாம். கூழுக்கும் பிளாஸ்டருக்கும் ரப்பர் முத்திரை போதும், வார்னிஷ் பூசும் முன் குத்த வேண்டும். ஸ்டிக்கர் மட்டும் வேண்டாம். பசை காய்ந்து தானே விழும், அல்லது உரிக்கும்போது பெயின்ட்டோடு வரும். எது முடியாவிட்டாலும் ஒரு பென்சில் போதும், வெறும் பரப்பில் பென்சில் எழுத்து பல வருடம் நிற்கும். அதற்காக அடிப்பக்கத்தைப் பெயின்ட் அடிக்காமல் விடச் சொல்லுங்கள்.

பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விளையாட்டுப் பொம்மைகளுக்கான ஐ.எஸ்.ஐ. தர முத்திரைக் கட்டாயத்திலிருந்து அரசு விலக்கு அளித்திருக்கிறது. அது சரியான முடிவு, நாங்களும் வரவேற்கிறோம். இன்னொரு சட்டம் வர வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை, வந்தால் அதன் சுமை முதலில் விழுவது செய்கிறவர் தலையில்தான். விற்கிறவர்களாகிய நீங்கள் முன்வந்து செய்தால் போதும் என்கிறோம்.

அடுத்த நவராத்திரிச் சரக்குக்கு முன்பணம் கொடுக்கும் நாளில் பட்டறையில் இதைச் சொல்லிவிடுங்கள். பழைய இருப்புக்கு வேண்டாம், புதிதாக வருவதற்கு மட்டும்: எதில் செய்தது, எந்த ஊர், எந்த ஆண்டு. கண்காட்சி அமைப்போர் கடை ஒதுக்கும் படிவத்தில் இதை ஒரு நிபந்தனையாகச் சேர்த்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். தயவுசெய்து செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
கொலு பொம்மை சேர்ப்போரும் பழுது பார்ப்போரும்