பாப்பாவுக்கு, டெக்சாஸ் ஃபோர்ட் வொர்த்திலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். போனில் பேச ஆரம்பித்தாலே உனக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நேரம் வந்துவிடுகிறது. அதனால் இதை எழுதியே அனுப்புகிறேன். மாட்டு டாக்டரிடம் சொல்லவேண்டிய சங்கதி.

சனிக்கிழமை அண்ணன் எங்களை ஸ்டாக்யார்ட்ஸுக்குக் கூட்டிப்போனான். பழைய மாட்டுச் சந்தை இருந்த வட்டாரம். செங்கல் பாவிய தெரு, மரப் பட்டிகள். ஒரு காலத்தில் டெக்சாஸ் மாடுகளை ரயிலேற்ற கன்சாஸ் வரைக்கும் நடத்தியே ஓட்டிப்போவார்களாம். 1876-இல் இந்த ஊருக்கே ரயில் வந்துவிட்டது. அப்புறம் ஆர்மர், ஸ்விஃப்ட் என்ற இரண்டு பெரிய கம்பெனிகள் பக்கத்திலேயே வெட்டுக்கூடம் கட்ட, ஊரே கறியை நம்பிப் பிழைத்தது. லாரி வந்து, பண்ணைப் பக்கமே ஏலம் நடக்கத் தொடங்கியதும் இந்தச் சந்தை படுத்துவிட்டது. ஸ்விஃப்ட் 1971-இல் மூடினார்கள். இப்போது எல்லாம் சுற்றுலாதான். தினமும் இரண்டு வேளை லாங்ஹார்ன் மாடுகளைத் தெருவில் நடத்திக் காட்டுகிறார்கள். கொம்பு நுனிக்கு நுனி ஆறேழு அடி இருக்கும். அதை வைத்துக்கொண்டு எப்படித்தான் யாரையும் இடிக்காமல் திரும்புகிறதோ!

சாப்பாட்டுக்கு, 1947-லிருந்து அங்கேயே இருக்கும் கேட்டில்மென்ஸ் ஸ்டேக்ஹவுஸ் என்ற மாட்டுக்கறி ஹோட்டல். கல்யாண மண்டபம் மாதிரி ஹாலுக்குப் பின்னால் ஹால். இந்தப் பக்கத்தில் ‘காஃப் ஃப்ரைஸ்’ என்று ஒன்று உண்டு. என்னவென்று கேட்டேன். அண்ணன் நெளிந்தான். கன்றுக்குட்டியின் விதை, பாப்பா! நான் சர்வீஸ் முழுக்க பர்டிசோ இடுக்கியால் விதைநாளத்தை நசுக்கிவிடுவதோடு சரி. இவர்கள் கத்தியால் அறுத்தெடுத்து, மாவில் புரட்டிப் பொரித்து, காசும் வாங்கிவிடுகிறார்கள். அம்மா முறைத்ததால் வாங்கவில்லை.

எனக்கு ரிப்ஐ என்ற கறித்துண்டு வந்தது. முன்முதுகில் விலாவை ஒட்டிய தசை. நடக்க, இழுக்க அதற்கு அதிக வேலை கிடையாது, அதனால் மெத்தென்று இருக்கிறது. தட்டை என் பக்கம் திருப்பி வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தேன். தசைக்குள்ளேயே வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு ஓடுகிறது. கடைசி மாதங்களில் பட்டியில் அடைத்து மக்காச்சோளம் போட்டதன் பலன். பன்னிரண்டாம், பதின்மூன்றாம் விலாவுக்கு நடுவே வெட்டி, அங்கே தெரியும் கொழுப்பைப் பார்த்துத்தான் பிரைம், சாய்ஸ், செலக்ட் என்று தரம் போடுகிறார்களாம். மாடு என்ன தின்றது என்பதைத் தட்டிலேயே படித்துவிடலாம். தெருவில் நடக்கிற லாங்ஹார்னில் கொழுப்பு குறைவு. இப்படித் தட்டுக்கு வருவது பெரும்பாலும் ஆங்கஸ் மாதிரி கறி இனங்கள்தான். வேடிக்கை பார்க்க ஒரு மாடு, சாப்பிட ஒரு மாடு.

நான் மீடியம், அதாவது நடுத்தர வேக்காடு, சொல்லியிருந்தேன். வெட்டியதும் சிவப்பாகத் தண்ணீர் வடிந்தது. “ரத்தம், ரத்தம்” என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அறுத்தபோதே ரத்தம் வடிந்துவிடும், இது மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் கலந்த தசைநீர் என்று விளக்கினேன். அவள் கேட்டால்தானே! அவளுக்கு வெண்ணெய் போட்ட சுட்ட உருளைக்கிழங்கு; அது ஒன்றே இரண்டு பேருக்குக் காணும். கறிக்கு மசாலா ஒன்றும் பெரிதாக இல்லை. உப்பும் கரி நெருப்பும்தான். முதல் இரண்டு வாய்க்குச் சப்பென்று இருந்தது. அப்புறம் பிடித்துவிட்டது. ஆனாலும் கடைசித் துண்டுக்கு மிளகுத்தூளைத் தாராளமாகத் தூவிக்கொண்டேன். பில்லை அண்ணன் என் கண்ணில் காட்டவே இல்லை.

நீ டிசம்பரில் வந்தால் காலையிலேயே போகலாம். லீவு எழுதிக் கொடுத்துவிட்டாயா?

இன்னொன்று. நம் சிவப்பிக்கு ஒரு காம்பு வீங்கியிருப்பதாகச் சித்தப்பா சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் நீயே பாலைச் சோதித்துப் பார். பார்க்காமலேயே ஊசி போட விடாதே.

அன்புடன்,
அப்பா