பயிற்சிப் பூட்டு விற்பது குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள எங்கள் கடையின் கண்ணாடி அலமாரியில், உள்ளே இருப்பது வெளியே தெரியும்படி அக்ரிலிக்கில் செய்த பயிற்சிப் பூட்டு ஒன்றும், அதைச் சாவியின்றித் திறந்து பழகுவதற்கான மெல்லிய கம்பிகளும் இரண்டு மாதங்களாக வைக்கப்பட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். "பூட்டு விற்கிற கடையிலேயே திருடனுக்குப் பாடம் நடத்துகிறீர்களா?" என்று தண்டையார்பேட்டையிலிருந்து வரும் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். கேட்காமல் மனத்தில் வைத்திருப்பவர்களும் இருக்கக்கூடும் என்பதால் இம்மடலை எழுதுகிறோம்.

இன்று அடுக்குமாடி வாசற்கதவுகளில் பெரும்பாலும் உள்ள சிலிண்டர் பூட்டு, அமெரிக்கரான இளைய லைனஸ் யேல் 1861-இல் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்தது. சாவி நுழையும் உருளைக்கு மேலே ஐந்தாறு சிறு துளைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாக, பின் எனப்படும் சிறு உலோகக் குச்சிகள் இரண்டும் அவற்றைக் கீழே அழுத்த ஒரு ஸ்பிரிங்கும் இருக்கும். உரிய சாவியின் பற்கள் அத்தனை பின்களையும் தூக்கி, மேல்பின்னும் கீழ்பின்னும் சந்திக்கும் இடத்தை உருளையின் விளிம்புக்குச் சரியாகக் கொண்டுவந்து நிறுத்தினால்தான் உருளை சுழலும். ஆனால் எத்தனை நல்ல தொழிற்சாலையானாலும் எல்லாத் துளைகளையும் மயிரிழை பிசகாமல் ஒரே நேர்க்கோட்டில் போட முடிவதில்லை. ஆகவே உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால் ஒரு பின் மட்டும் மற்றவற்றுக்கு முன்பாக இறுகிக்கொள்ளும். அதை மெல்ல உயர்த்தினால் விரல் நுனியில் ஒரு சிறு துடிப்பு தெரியும். பிறகு அடுத்த பின் இறுகும். இந்தப் பிசகைத் தொட்டுணர்ந்து படிப்பதுதான், சாவியின்றிப் பூட்டைத் திறந்து பழகும் இந்தப் பொழுதுபோக்கு. எங்கள் பட்டறையில் பல வருடங்களாகச் சாவி வெட்டும் அண்ணன் ஒருவர், கண்ணுக்கு எதிரே எல்லாம் தெரியும் அந்தப் பூட்டைத் திறந்து முடிப்பதற்குள் பக்கத்திலிருந்த டீயில் ஆடை படிந்துவிட்டது.

இதில் ஈடுபடுவோருக்குச் சங்கங்களும் உண்டு. ஜெர்மனியில் 1997 முதலே ஒன்று இயங்குகிறது. உனக்குச் சொந்தமான பூட்டையோ உரியவர் அனுமதித்த பூட்டையோ மட்டும் திற, அன்றாடம் புழங்கும் கதவின் பூட்டில் கை வைக்காதே என்பவை அவர்கள் பொதுவாகக் கைக்கொள்ளும் இரண்டு கட்டுப்பாடுகள். இரண்டாவதை எங்கள் அனுபவமும் ஆமோதிக்கிறது: பழக்கமில்லாத கை பட்டு ஸ்பிரிங் வளைந்துவிட்டால், வீட்டுக்காரரே வெளியில் நிற்க நேரிடும்.

அந்த வாடிக்கையாளரின் கேள்வி மிகப் பழையது. லண்டனில் பிராமா நிறுவனம் தன் பூட்டைக் கடைச் சன்னலில் வைத்து, திறப்பவருக்கு 200 கினி (பழைய ஆங்கிலேய நாணயம்) பரிசு என்று அறிவித்திருந்தது. பல பத்தாண்டுகள் ஒருவராலும் முடியாத அதை 1851-ஆம் ஆண்டுப் பொருட்காட்சியின்போது ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு வல்லுநர், 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் செலவிட்டுத் திறந்தார். திருடர்களுக்கு வழிகாட்டுவதாகும் என்ற கவலை அன்றும் எழுந்தது. பூட்டு செய்பவர்களுக்கோ தங்கள் பூட்டு எங்கே தோற்கிறது என்று தெரிய வந்தது. நாங்களும் இவ்வாறு திறந்து பார்த்த பிறகே, பளபளப்பான உறையில் வரும் சில மலிவு விலைப் பூட்டுகளை வாங்கி விற்பதை நிறுத்தினோம்.

இனி, உண்மையில் கவலைப்பட வேண்டிய விஷயத்துக்கு வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கிடங்கிலேயே திருட்டு நடந்தது. காலையில் போய்ப் பார்த்தபோது உள்ளே ஏழு லீவர் தகடுகள் கொண்ட பூட்டு ஒரு கீறலும் இல்லாமல், பூட்டியபடியே, கொண்டியோடு கழன்று தரையில் கிடந்தது. கொண்டியைக் கதவில் பிடித்திருந்தவை நான்கு அரையங்குல மரத்திருகுகள். கடப்பாரையின் ஒரே நெம்பலில் வந்துவிட்டன. பூட்டுக்கடைக்காரர்களே பூட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டுத் திருகுக்குக் கஞ்சத்தனம் பார்த்தோம் என்பதை வெட்கத்துடன் சொல்கிறோம். கொண்டிக்கும் நாதாங்கிக்கும் கதவை ஊடுருவிச் செல்லும் போல்ட் போட்டு, நட்டு உட்புறம் வரும்படி முடுக்கச் சொல்லுங்கள். பூட்டின் நாக்கு நுழையும் தகட்டைக் கதவு நிலையில் பிடிக்கும் திருகு மூன்று அங்குல நீளமாவது இருக்கட்டும். நிலை கறையான் அரித்ததாக இருந்தால் எங்களிடம் வருவதற்கு முன் தச்சரிடம் போங்கள்.

சுவரோடு சுவர் ஒட்டிய நம் தெருக்களில் பக்கத்து மொட்டை மாடியிலிருந்து நம் மாடிக்கு வருவது ஓர் எட்டு வைக்கும் வேலைதான். வாசலுக்கு விலையுயர்ந்த பூட்டு போட்டவர்கள்கூட மாடிக் கதவைத் துருப்பிடித்த தாழ்ப்பாளை நம்பி விட்டிருப்பதைப் பொருத்தப் போகும் இடங்களில் பார்க்கிறோம். வெளியே தொங்கும் பூட்டு ஆளில்லை என்பதைத் தெருவுக்கே அறிவிப்பதால், வெளியூர் போகிறவர்களுக்குக் கதவுக்குள் பதிக்கும் பூட்டையே பரிந்துரைக்கிறோம். காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். செருப்பு ஸ்டாண்டும் மீட்டர் பெட்டியும் சாவி வைக்கும் இடங்கள் அல்ல. கிரகப்பிரவேசப் படத்தில் புதுச் சாவியை உயர்த்திப் பிடித்து வாட்ஸ்ஆப்பில் போடாதீர்கள். தெளிவான படத்தில் பற்களின் உயரம் தெரியும், அதைப் பார்த்துச் சாவி வெட்ட முடியும்.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கத்து உப்புக்காற்றுக்கு இரும்புப் பூட்டு சீக்கிரம் இறுகிவிடும். அதில் தேங்காய் எண்ணெய் விடும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள்; அது தூசியோடு சேர்ந்து பிசினாகி, பின்களை ஒட்டவைத்துவிடுகிறது. கிராஃபைட் தூள் போதும். பென்சில் முனையைச் சுரண்டிய பொடிகூட அவசரத்துக்கு உதவும்.

பயிற்சிப் பூட்டைப் பொறுத்தவரை, 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும், அடையாள அட்டை பார்த்து, பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டே தருகிறோம். பூட்டைத் திறந்து அத்துமீறி நுழைவதும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 330-ஆம் பிரிவின்படி வீடு உடைத்தலே என்பதை வாங்குபவரிடம் சொல்லியே விற்கிறோம். சோப்பில் பதித்த அச்சையோ செல்போன் படத்தையோ கொண்டு வந்தால், எவ்வளவு தெரிந்தவரானாலும், சாவி செய்து தருவதில்லை. இதனால் மனம் வருந்தியவர்கள் பொறுத்தருள வேண்டுகிறோம்.

எங்களிடம் பூட்டு வாங்கியவர்கள் கொண்டியை மட்டும் கழற்றி எடுத்து வந்தால், பொருத்தமான போல்ட்டைக் கூலியில்லாமல் தேர்ந்து தருகிறோம். கதவின் கனத்தை அளந்துகொண்டு வாருங்கள்.

இங்ஙனம்,
கடை நடத்துவோர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை