பக்கவாத்தியத்துக்கு ஒரு வரி போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வயலின் வித்வான் லால்குடி ஜெயராமன் பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். காவிரிக் கரைக்காரர்களுக்கு அவரைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் அலுக்காது. ஆனால் ஒரு குறை. அவர் பக்கவாத்தியம் வாசித்த, அதாவது பாடகருக்குத் துணையாக வயலின் வாசித்த, வருஷங்களைக் கட்டுரையாளர் நாலு வரியில் தாண்டிவிட்டார். அப்புறம் 1966-இல் வயலின், வேணு (புல்லாங்குழல்), வீணை மூன்றையும் ஒரே மேடையில் சேர்த்தது, அவர் இயற்றிய தில்லானாக்கள், 2001-இல் கிடைத்த பத்மபூஷண் என்று போய்விட்டார். பாடகர் பக்கத்தில் உட்கார்ந்த காலமெல்லாம் தனிக் கச்சேரிக்காகக் காத்திருந்த காலம் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். எனக்கு அதில் சம்மதமில்லை. லால்குடி பாணி என்று நாம் கொண்டாடுவது உருவானதே அந்த இடத்தில்தான்.

பன்னிரண்டு வயதில் பக்கவாத்தியக்காரராக மேடை ஏறியவர் அவர். அரியக்குடி, செம்பை, செம்மங்குடி, ஜி.என்.பி. (ஜி.என். பாலசுப்பிரமணியம்), மதுரை மணி என்று அவர் வாசிக்காத பெரிய பாடகர் இல்லை. இவர்களில் ஒருவர் பாட்டு இன்னொருவர் பாட்டு மாதிரி இருக்காது. அரியக்குடியின் மத்யமகாலம், அதாவது நடுத்தர வேகப் பாட்டு, ஒரு வழி; ஜி.என்.பி.யின் பிருகாக்கள், அந்த மின்னல்வேகச் சுரக் கோவைகள், வேறு வழி. இன்று ஒருவருக்கு, நாளை மற்றவருக்கு வாசிக்க வேண்டும். ஒத்திகை கிடையாது. அடுத்து என்ன ராகம் என்பதுகூடப் பல சமயம் பாடகர் வாயைத் திறந்த பிறகுதான் தெரியும். ஆலாபனையில், அதாவது தாளமில்லாமல் ராகத்தை விரிக்கும்போது, அவர் ஒரு பிடி பிடித்தால் வயலின் இம்மியளவு பின்னால் அதே பிடியோடு வரவேண்டும்; அவர் மூச்சு வாங்கும் இடத்தில் ராகம் அறுந்துவிடாமல் தாங்க வேண்டும். தன் முறை வரும்போது, அவர் சாவகாசமாக விரித்த தோடி ராகத்தைச் சில நிமிஷங்களில் சொல்லி முடிக்க வேண்டும். அதையும் அவர் சொன்னதை ஒப்பிக்காமல் சொல்ல வேண்டும். கல்பனாஸ்வரத்தில், அதாவது அந்தக் கணத்தில் கற்பனையாகச் சுரம் கோக்கும்போது, பாடகர் ஒரு தாளக் கணக்கைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால் யோசிக்க நேரம் ஏது? லால்குடி வில் போட்டால் சாகித்தியம் (பாட்டின் சொற்கள்) காதில் விழும் என்று ரசிகர்கள் சொல்வது வெறும் புகழ்ச்சி இல்லை. பாட்டை அவ்வளவு கிட்டத்தில் இருந்து, அவ்வளவு கவனமாகக் கேட்ட காது அது.

எங்கள் ஊர் வயலின் வித்வான் ராஜமாணிக்கம் பிள்ளையையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயரிலேயே கும்பகோணத்தைச் சுமந்தவர். வாழ்நாளின் பெரும்பகுதி பிறர் கச்சேரிக்கு வாசித்தவர். சென்னை மியூசிக் அகாடமி 1948-இல் அவருக்குச் சங்கீத கலாநிதி விருது கொடுத்தது. அன்றைக்குப் பக்கவாத்தியக்காரரை அகாடமி மாநாட்டின் தலைமை நாற்காலியில் உட்காரவைக்க யாரும் தயங்கவில்லை. அவருக்கு முந்தைய தலைமுறையில் திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யர். செம்மங்குடி சீனிவாசய்யருக்குத் தாய்மாமன் என்றால்தான் இன்று பலருக்கு விளங்குகிறது. தன் காலத்தில் பிடில் என்றாலே அவர் பெயரைச் சொன்னார்கள். திருச்சிப் பக்கம் மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, மாயவரத்தில் கோவிந்தராஜ பிள்ளை. மேல்நாட்டு வாத்தியத்தை நம் சங்கீதத்துக்குப் பழக்கியவர்களில் முதலில் சொல்லப்படும் பாலுசாமி தீட்சிதரும், திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளிடம் 1834-இல் யானைத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசாகப் பெற்ற வடிவேலுவும் திருவாரூர், தஞ்சாவூர்க்காரர்கள்தானே. இத்தனை பேர் இந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்திருக்கிறார்கள். உங்கள் பத்திரிகையில் இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கக்கூடாதா?

பெண்கள் பட்டது இன்னொரு கதை. வயலினில் ஒரு பெண் உட்கார்ந்தால் பாட மாட்டேன் என்ற வித்வான்கள் இருந்தார்கள். ஏ. கன்யாகுமரி 2016-இல் சங்கீத கலாநிதி வாங்கியபோது, வயலினுக்காக அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். 1948-இலிருந்து எண்ணிப் பாருங்கள், எத்தனை வருஷம்! மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் இன்று வயலின் படிக்கிற பெண் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஞாபகம்தான் வருகிறது. ஆசையாகத்தான் படிக்கிறார்கள். ஆனால் போன வருஷம் எங்கள் பக்கத்து ஊர் உற்சவ நோட்டீஸில் பாடகர் படம் அரைப் பக்கம். வயலின் வாசித்த பெண்ணின் பெயரே இல்லை, ‘மற்றும் குழுவினர்’ என்று அச்சடித்திருந்தார்கள். அன்று அவள் வாசித்த காம்போதி ராகத்தை நான் கேட்டேன். பாடகர் முகமே மலர்ந்துவிட்டது.

நோட்டீஸ் அடிப்பவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. உங்கள் கச்சேரி விமர்சனங்களிலும் ‘வயலின் அனுசரணையாக இருந்தது’ என்ற ஒரே வரிதான் வருஷா வருஷம் வருகிறது. என்ன வாசித்தார், ராகத்தில் பாடகர் தொடாத எந்த இடத்தைத் தொட்டார், நிரவலில், அதாவது ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடும்போது, எங்கே பாட்டைத் தூக்கிவிட்டார் என்று மூன்று வரி எழுதினால் பத்திரிகைக்கு ஒன்றும் குறைந்துவிடாது. வாசிக்கிறவருக்கு அது பல வருஷத்துக்குத் தெம்பு.

திருவையாற்று ஆராதனை வரப்போகிறது. அங்கே பாடகர்கள் அடுத்தடுத்து வந்து ஆளுக்குக் கொஞ்ச நேரம் பாடிவிட்டுப் போவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். யார் பாடினார்கள் என்ற பட்டியலை வழக்கம்போல் போடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வயலினும் மிருதங்கமும் யார் என்று இந்த முறை சேர்த்துப் போடச் சொல்லி உங்கள் நிருபரிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.